மறியலுக்குப் போகும் பை

திருகோணமலை மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், தேங்காயும் கருவாடும் விற்கும் சிறிய பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதில் எந்தப் புதினமும் தெரியாது. ஆனால் கொழும்பு மறியலில், அதாவது சிறையில், பிள்ளையையோ கணவனையோ வைத்திருக்கும் குடும்பங்கள், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும்கூட, இரவுப் பயணத்துக்கு முன்னர் இந்தக் கடைக்கு வந்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகின்றன. உள்ளே கொடுப்பதற்கான பையை இங்கே கட்டித் தருகிறார்கள். கடந்த பதினொரு மாதங்களில் ஒன்பது முறை அந்தப் பையைச் சுமந்து சென்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அதை நடத்தும் அம்மா கேட்டுக்கொண்டார். அங்கே நிற்பதைப் பிறர் கண்டுவிடக் கூடாது என்று அஞ்சுபவர்களே தம் வாடிக்கையாளரில் அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். அதை என்னால் மறுக்க முடியாது. என் தங்கையே முதல் இரண்டு முறையும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு தெருவின் மறுபக்கத்தில்தான் நின்றாள்.

அந்தத் தங்கையின் மகனான என் மருமகன் பிடிபட்ட கதையும் வழக்கின் விபரமும் இங்கே தேவையில்லை. தலைநகரின் பெரிய விளக்கமறியற்சாலை ஒன்றில் இருக்கிறான். தவணைக்கு மேல் தவணையாகப் போகிறது. பெரும்பாலும் மாதம் ஒரு முறை தாயும் நானும் போய்ப் பார்க்கிறோம்.

கடைக்குள் நுழைந்ததும் அந்த அம்மா விலை எதுவும் சொல்லாமல் இரண்டு கேள்விகள் கேட்பார். "உள்ளுக்கு ஆர் ஐயா, மகனா?" என்பது முதலாவது. "ரிமாண்டா, தீர்ப்பாச்சுதா?" என்பது இரண்டாவது. முதலாவது கேள்வி மரியாதைக்கானது. இரண்டாவது கேள்வியில்தான் அவருடைய தொழில் தங்கியிருக்கிறது. 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம், இன்னும் குற்றவாளியாகத் தீர்க்கப்படாத கைதி தன் உணவு, உடை, படுக்கை ஆகியவற்றை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ள இடமளிக்கிறது. தண்டனை விழுந்தவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் அரசாங்கம் கொடுக்கும் வெள்ளை ஜம்பரை உடுத்து, அரசாங்கம் போடும் சோற்றைத் தின்ன வேண்டும். ஆகவே தீர்ப்பாகிவிட்டவருக்கு என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் இந்த அம்மா பெரிய பையை விற்பதில்லை. சவர்க்காரம், பற்பசை போன்ற சில சாமான்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சக் காசைப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்ததை நான் இரண்டு தடவை நேரில் கண்டிருக்கிறேன். எங்களுடைய சட்டத்தரணி மூன்று மாதங்களாக விளக்காத ஒரு விடயத்தை, தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொண்டேன்.

பைக்குள் இருப்பவற்றில் முதலிடம் சீனிச் சம்பலுக்கு. கடைக்குப் பின்னால் ஒரு தாழ்வாரத்தில், வெங்காயத்தை மெல்லிய நரம்பாக அரிந்து, மாசிக் கருவாடும் செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, தண்ணீர்ப்பற்று முழுவதும் போய் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்குகிறார்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய சம்பலை இரண்டு மணி நேரம் அடுப்பில் வைப்பது ருசிக்காக அல்ல என்றும், ஈரம் இருந்தால் நாலாம் நாள் பூசணம் பிடித்துவிடும் என்றும் அந்த அம்மா சொன்னார். உள்ளே காலையில் கிடைக்கும் பாணுக்கு அதைத் தொட்டுக்கொண்டு பத்து நாள்வரை சமாளிக்கலாம் என்று மருமகன் சொல்கிறான். போத்தல் பிளாஸ்ரிக்காகத்தான் இருக்கும். கண்ணாடி வாயிலைத் தாண்டாது. அதன் வாய் அகலமாக இருப்பதைக் கவனியுங்கள். பரிசோதிக்கும் உத்தியோகத்தரின் கரண்டி அடிவரை போய்க் கிளறிவிட்டு வர வேண்டும். ஒடுங்கிய வாயுள்ள போத்தல் என்றால் ஒன்றில் சம்பல் முழுவதும் வேறொரு பாத்திரத்தில் கொட்டப்படும், அல்லது போத்தலே திரும்பி வரும். பொரித்த நெத்தலியும் மோர் மிளகாயும் எள்ளுப்பாகும் பயற்றம் பணியாரமும் அதே முறையில்தான் தெரிவு செய்யப்பட்டிருக்கின்றன: உடைத்துப் பார்த்தாலும் உருக்குலையாதவை, ஓர் இரவுப் பயணத்தில் புளிக்காதவை, பத்துப் பேருடன் பங்கிடக்கூடியவை. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி எதையும் இவர்கள் கட்டுவதில்லை. மூதூர்த் தயிரைச் சட்டியோடு கொண்டுவந்து, மகனுக்கு இது என்றால் உயிர் என்று வாதாடிய ஒரு தாயை, அதைத் தம்முடைய கடையிலேயே விட்டுவிட்டுப் போகும்படி சமாதானப்படுத்த அந்த அம்மாவுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

உணவுக்கு அடுத்தபடியாக வருகிற சாமான்களைப் பார்த்தால், உள்ளே எப்படி இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்லாமலே அறிந்துகொள்ளலாம். சவர்க்காரக் கட்டிகளைப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். முழுக்கட்டி குழாயடியில் கைமாறிப் போய்விடும் என்பது ஒரு காரணம். பாதிக்கட்டியைக் கொடுத்துத் தண்ணீர் வரிசையில் முன்னுக்கு ஓர் இடம் வாங்கலாம் என்பது மற்றது. துவாய் மிக மெல்லியது, ஏனென்றால் தடித்த துவாயைக் காயப்போட இடமில்லை. சொறி சிரங்குக்குப் பூசும் தைலத்தைக் கடையில் வைத்திருந்தாலும் பைக்குள் போடுவதில்லை. மருந்து எதுவானாலும் சிறை வைத்தியரின் அனுமதியோடு போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். நுளம்புத்திரி நெருப்புச் சாமான் என்பதால் அதுவும் இல்லை. செருப்பு மட்டும் என்னை முதலில் சினமூட்டியது. எனக்குத் தந்த சோடியில் இடது கால் நீலம், வலது கால் சிவப்பு. விற்காத மிச்சத்தை என் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைத்து மாற்றித் தரும்படி கேட்டேன். அந்த அம்மா சிரிக்காமல், "அப்பிடித்தான் ஐயா குடுக்கிறது. ஒரே நிறமெண்டால் ரெண்டாம் நாள் ஆற்றையோ காலிலதான் நிக்கும்" என்றார். இருநூறு பேர் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றிவிடும் இடத்தில், இரண்டு நிறச் செருப்பைத் திருடிப் போட்டுக்கொண்டு ஒருவராலும் மறைந்து திரிய முடியாது. அந்தச் சோடி ஏழு மாதங்களாக மருமகனின் காலிலேயே இருக்கிறது.

இந்த நெருக்கம் ஒரு சிறைக்கு மட்டும் உரியதல்ல. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 13,000 பேரை வைப்பதற்கு அமைந்த சிறைகளில் அண்மைய ஆண்டுகளில் 30,000 அளவிலானோர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் எங்கள் பிள்ளையைப் போல இன்னும் தீர்ப்பைக் காணாதவர்கள். போதைப்பொருள் வழக்குகளும், 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் தொடங்கிய பொலிஸ் நடவடிக்கையில் நடந்த பெருந்தொகைக் கைதுகளும், பிணைக்கும் தண்டப்பணத்துக்கும் காசு கட்ட முடியாத வறுமையும் இந்தத் தொகையை ஏற்றிவிட்டன. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதனின் தலைமையில் 20 சிறைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, கைதிகள் முறைவைத்துத் தூங்குவதையும், இடமில்லாமல் கழிப்பறைப் பக்கத்திலேயே படுப்பதையும் பதிவு செய்திருக்கிறது. மருமகன் அறிக்கை எதையும் வாசித்தவன் அல்லன். தான் படுத்த இடம் முதல் மாதம் கக்கூசுக் கதவிலிருந்து மூன்றாவது ஆள் என்றும், இப்போது பதினாலாவது ஆள் என்றும், ஒருவருக்குப் பிணை கிடைத்துப் போனால் எல்லோரும் ஓர் ஆள் அகலம் நகர்வதாகவும் அவன் சொன்னான். நிமிர்ந்து படுத்தால் இரண்டு பேருடைய இடம் பிடிக்கும் என்பதால் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டுமாம். இரவில் ஒருவர் திரும்பினால் வரிசையே திரும்பும். பைக்குள் கடைக்காரர்கள் பாயை வைக்காமல், நாலாக மடிக்கக்கூடிய பருத்தித் துணியை வைப்பதற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது.

இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னை எண்ணவைத்தது பையைவிட, காசுப் பெட்டிக்கு அருகே நூல் கட்டித் தொங்கும் ஒரு கொப்பிதான். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாவிக்கும் ஒற்றைக் கோட்டுக் கொப்பி. அட்டை இரண்டு தடவை ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, மறியலின் பெயர், 'போனது', 'திரும்பினது' என்று நான்கு நிரல்கள். கொழும்பிலிருந்து திரும்பி வரும் எவரிடமும், என்னென்ன உள்ளே போயிற்று, எதை வாயிலில் திருப்பினார்கள் என்று கேட்டு அதில் எழுதிக்கொள்கிறார்கள். வாயிலில் இன்றைக்குப் போகும் சாமான் அடுத்த மாதம் போகாது. நெத்தலியை ஒரு மறியலில் விடுகிறார்கள், இன்னொன்றில் விடுவதில்லை. பச்சையும் காக்கியும் கலந்த காற்சட்டை படையினரின் உடைபோல இருக்கிறது என்று திருப்பப்பட்டதாக ஒரு குறிப்பு. பேரீச்சம்பழம் கொட்டை நீக்கியிருந்ததால் போனது, கொட்டையோடு இருந்தது திரும்பியது என்று கிண்ணியாத் தாய் ஒருவர் நோன்பு மாதத்தில் சொன்ன இன்னொரு குறிப்பு. வாயிலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலில் இவற்றில் காற்பங்குகூட இல்லை. அந்த அறிவித்தலும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கிறது. தம்முடைய தம்பி உள்ளே இருந்த காலத்தில் முதன்முதலாகக் கொண்டுபோன பை முழுவதுமாகத் திரும்பி வந்ததாகவும், அன்று வீதியோரத்தில் இருந்து அழுதுகொண்டே திரும்பினவற்றைச் சிட்டைத் துண்டில் எழுதியதாகவும், அதுவே கொப்பியாகிவிட்டதாகவும் அந்த அம்மா சொன்னார்.

பையின் மேல் ஒட்டும் துண்டும் இதே அனுபவத்தில் பிறந்தது. கைதியின் பெயர், இலக்கம், அடைத்திருக்கும் வாட்டு, கொண்டுவருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை அம்மாவின் மகன் சிங்களத்திலும் தமிழிலும் குண்டு எழுத்தில் எழுதித் தருகிறார். எங்கள் மருமகனின் பெயரில் வருகிற ழகரம் ஒவ்வொரு பதிவேட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்ததால் முதல் மாதம் ஒரு பை வேறொரு வாட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு, நீதிமன்றக் கடதாசியில் இருக்கும் எழுத்துக்கூட்டலைக் காட்டுங்கள் என்று அந்தத் தம்பி கேட்டு வாங்கிப் பார்த்தே எழுதுகிறார். இதற்குத் தனிக் காசு இல்லை.

அந்த அம்மா எந்த மறியலையும் 'பொரளை' என்றே சொல்வார். வெலிக்கடை என்ற சொல்லை அவருடைய வாயிலிருந்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அறுபது வயதைத் தாண்டிய எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. பொரளையில் 1841இல் ஆங்கிலேயர் கட்டிய அந்த வெலிக்கடைச் சிறையில் 1983 ஜூலை 25இலும் 27இலும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 2012 நவம்பர் 9இல் அங்கே மேலும் 27 கைதிகள் உயிரிழந்தார்கள். 2020 நவம்பர் 29இல் மகர சிறையில் 11 பேர் இறந்த செய்தி வந்த இரவிலும், அப்போது உள்ளே பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் இந்தக் கடை வாசலில்தான் கூடி நின்றதாகப் பக்கத்துத் தையற்கடைக்காரர் சொன்னார். கொரோனாவுக்காகப் பார்வையாளரையும் பைகளையும் நிறுத்தியிருந்த காலம் அது. கடையில் விற்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, தொலைபேசி இருந்தது.

இனிக் குறைகள். முதலாவது, விலை. பெரிய பையில் இருக்கும் சாமான்களைத் தனித்தனியே மத்திய வீதிக் கடைகளில் வாங்கினால் ஏறத்தாழ ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். சம்பலுக்கும் துண்டு எழுதுவதற்கும் அந்தக் காசு தகும் என்பது என் கணக்கு. மாதம் இரண்டு முறை போகிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை என்பதையும் மறைப்பதற்கில்லை. கடனுக்குக் கொடுக்கிறார்கள், ஆனால் தெரிந்தவர்களுக்கு மட்டும். இரண்டாவது, மூடி. நான்காம் பயணத்தில் சம்பல் போத்தலின் மூடி இறுக்கப்படாமல், ஹபரணையைத் தாண்டுவதற்குள் எண்ணெய் கசிந்து இரண்டு சேட்டுகளையும் ஒரு சாரத்தையும் நாசமாக்கிவிட்டது. உடுப்பை வாயிலில் திருப்பினார்கள். அந்த மாதம் அவன் பழைய சேட்டையே தோய்த்துத் தோய்த்து உடுத்தினான். திரும்பி வந்து சொன்னபோது அம்மா காசைத் தந்தார் என்றாலும், ஒரு மாதம் தராசில் ஏறாதது. இப்போது உணவையும் உடுப்பையும் தனித்தனிப் பைகளில் கட்டுகிறார்கள். ஆயினும் மூடியை நீங்களே ஒரு முறை திருகிப் பார்ப்பது நல்லது. மூன்றாவது, அம்மா இல்லாத நேரம். வேலைக்கு நிற்கும் பையன் அந்தக் கொப்பியைப் பார்ப்பதில்லை; நினைவில் இருப்பதைச் சொல்லி, போன வருடத்துச் சட்டத்துக்குப் பை கட்டிவிடுகிறான். நாலு மணிக்குப் பிறகு போனால் அம்மா இருப்பார்.

சோற்றுப் பார்சலை இங்கே வாங்க வேண்டாம். கேட்டால் கட்டித் தருவார்கள்தான். ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பேருந்தில் கந்தளாய், தம்புள்ளை, குருநாகல் என்று போனாலும், கல்ஓயாச் சந்தி வழியாக ரயிலில் போனாலும், விடியும்போது சோறு நூல் விட்டிருக்கும். மறியலுக்கு அண்மையில் காலையில் சமைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. விலை சற்றுக் கூட, மீன் துண்டு சற்றுச் சிறிது, ஆனால் சூடு ஆறாமல் உள்ளே போகும். வாயிலில் சோற்றைக் கிளறி மீனைப் பிட்டுப் பார்ப்பதால் அது பார்சலாகப் போய்ச் சேராது என்பதையும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால், தாய்மார் அந்த இடத்தில் கண் கலங்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியையும் அந்தக் கடைகளில் ஒன்றில்தான் காசு கொடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும், சிட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

காலை எட்டு மணிக்கு முன் வரிசைக்குப் போனால் பதினொரு மணியளவில் முகத்தைக் காணலாம். காண்பது பத்து அல்லது பதினைந்து நிமிடம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது குடும்பங்கள், அந்தப் பக்கம் இருபது பிள்ளைகள், நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். என் தங்கை இப்போதெல்லாம் கத்துவதில்லை. கேட்க வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து வலையோடு பிடித்துக் காட்டுகிறாள். அந்த யோசனையும் கொப்பியின் பின்பக்கத்தில் யாரோ எழுதிவைத்ததுதான்.

போன கிழமை விடியற்புறம் திரும்பி வந்து இறங்கியபோது கடை திறந்திருந்தது. அம்மா தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை இம்முறை தெருவின் மறுபக்கத்தில் நிற்கவில்லை. நேரே போய்க் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வாங்கில் இருந்தாள். "சொல்லுங்கோ தங்கச்சி, என்ன திரும்பினது?" என்று கேட்டபடி அம்மா கொப்பியை எடுத்தார். கறுப்புத் துவாய் திரும்பியது, எள்ளுப்பாகு முழுவதும் போனது, மோர் மிளகாயில் பாதியை விட்டார்கள் என்று தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா எழுதி முடித்து, பேனாவை மூடாமல், "வேற?" என்றார். இனிமேல் சவர்க்காரத்தைப் பாதியாக அல்ல, மூன்றாக வெட்டச் சொன்னான் என்றாள் தங்கை. அதையும் எழுதிக்கொண்டார்.